இரண்டாவது துண்டைத் தூக்கிப் போடாதே

சேலையூர், கிழக்குத் தாம்பரம்
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. இரண்டு நாளாக மழை விட்டு விட்டுப் பெய்கிறது. அம்மாவிடம் சொல், மாடியில் இருந்த ஊறுகாய் ஜாடியை அத்தை உள்ளே எடுத்து வைத்துவிட்டாள்.

புதன்கிழமை ராத்திரி நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. ஒரே ரீலில் வெட்டிய இரண்டு கம்பித் துண்டுகள். இரண்டுக்கும் 350 டிகிரி, ஒரு மணி நேரம். காந்தப் புலத்தை ஏற்றி இறக்கி வரைந்தபோது ஒன்றின் காந்தத் தயக்கக் கண்ணி ஊசி போல ஒல்லியாக வந்தது, இன்னொன்று வயிறு பெருத்து வந்தது என்றாய். நல்லதை மட்டும் ரிப்போர்ட்டில் போட்டுவிட்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடு என்று கூடப் படிப்பவர்கள் சொல்கிறார்களாம். சொல்லும்போதே உன் குரல் கம்மிப் போனது. போனில் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டாவது துண்டைத் தூக்கிப் போடாதே. ஒரு சின்ன உறையில் போட்டு, தேதி எழுதி வை. ஏன் என்பதற்குத்தான் மீதிக் கடிதம்.

தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் நான் பல வருஷம் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். என்ன வேலை என்று நீ கேட்டதும் இல்லை, நான் விளக்கியதும் இல்லை. எங்கள் பிரிவில் ரீட் சுவிட்ச் செய்தோம். தீக்குச்சியைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குழாய். அதற்குள் நிக்கலும் இரும்பும் கலந்த இரண்டு மெல்லிய நாக்குகள். அரை மில்லிமீட்டர்க் கம்பியை வெட்டி, பிரஸ்ஸில் நுனியைத் தட்டையாக்கிச் செய்வது. பக்கத்தில் காந்தம் வந்தால் நாக்குகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரிந்துவிடும். தண்ணீர்த் தொட்டியின் மிதவையிலும், திருட்டு அலாரத்திலும், சைக்கிள் வேகமானியிலும் இருப்பது இதுதான். பிரஸ்ஸில் அடி வாங்கிய நாக்குகளை, ஹைட்ரஜன் ஓடும் உலையில் 900 டிகிரி அளவுக்குக் காய்ச்சி மெதுவாக ஆறவைப்போம். அனீலிங் என்போம். அந்த உலைதான் என் பொறுப்பு.

ஒரு சமயம் ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்தது. காந்தத்தை எடுத்த பிறகும் நாக்குகள் பிரியவில்லை என்றார்கள். கலவையைப் பார்த்தோம், சரி. உலைச் சார்ட்டைப் பார்த்தோம், ஒரு டிகிரி பிசகவில்லை. கண்ணாடி ஒட்டு, இடைவெளி, மேல்பூச்சு எல்லாம் சரி. நான்காம் நாள் என் நோட்டைப் புரட்டியபோது ஒரு வரி கண்ணில் பட்டது. “தட்டு சாய்ந்து விழுந்தது. வளைந்தவற்றைக் கையால் நிமிர்த்தினேன்.” எழுதியது நானேதான். உலையிலிருந்து வந்த பிறகு, விரலால், மெல்லத்தான் நிமிர்த்தியிருந்தேன். அந்த மெல்லிய நிமிர்த்தலிலேயே உலை செய்த வேலையில் ஒரு பங்கு அழிந்துவிட்டது. எடுத்துச் சோதித்தோம். நிமிர்த்தியவை ஒட்டிக்கொண்டன, நிமிர்த்தாதவை நன்றாகப் பிரிந்தன.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் உனக்குச் சொல்ல வருகிறேன். ஒரு கம்பியின் காந்த குணம் அதன் கலவையில் பாதி, அதற்கு நேர்ந்தவற்றில் பாதி. எப்படி இழுத்தார்கள், எதில் சுற்றினார்கள், எவ்வளவு காய்ச்சினார்கள், எப்படி ஆறவைத்தார்கள், பிறகு யார் தொட்டார்கள் என்பதெல்லாம் அதற்குள் பதிந்திருக்கும். நீ எழுதி வைக்காவிட்டாலும் கம்பி மறக்காது.

நீ படித்த பாடம்தான், இருந்தாலும் என் முறையில் ஒரு தடவை சொல்கிறேன். இரும்பு, நிக்கல், கோபால்ட் மாதிரியான உலோகத்துக்குள் காந்தம் வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்து கிடக்கிறது. டொமைன் என்கிறோம். ஒவ்வொரு வட்டாரமும் ஒரு திசையைப் பார்க்கும். வெளியிலிருந்து காந்தப் புலம் வந்தால், அந்தத் திசையைப் பார்க்கும் வட்டாரங்களின் எல்லைச் சுவர் நகர்ந்து மற்றவற்றை விழுங்கும். சுவர் தங்குதடையின்றி நகர்ந்தால் அது மென்காந்தம், கண்ணி ஒல்லியாக வரும். வழியெல்லாம் முள்ளும் கல்லுமாக இருந்தால் சுவர் சிக்கிச் சிக்கித்தான் நகரும், காந்தத்தை நீக்கத் தேவையான எதிர்ப் புலம், அதாவது காந்த நீக்குத்திறன், ஏறும், கண்ணி பருக்கும். அந்த முள்ளும் கல்லும் எவை? கம்பி இழுக்கும் டையில் இழுத்தபோது அணு வரிசைகளில் விழுந்த முறிவுகள், படிகத் துணுக்குகளுக்கு இடையிலான எல்லைகள், உள்ளே சிக்கிய கார்பன், ஆக்சிஜன், கந்தகம், போகாமல் தங்கிவிட்ட தகைவு. உலை இவற்றின் மேல்தான் வேலை செய்கிறது.

இதை வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். உன் தம்பியையும் கூட்டிக்கொள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கட்டுக்கம்பி ஒரு முழம் கேட்டு வாங்கு. சைக்கிள் கடையில் பழைய ஸ்போக்ஸ் ஒன்று வாங்கு. கட்டுக்கம்பி காய்ச்சி ஆறவைத்த கம்பி. அதனால்தான் கொத்தனார் விரலுக்கு நூல் மாதிரி வளைகிறது. ஸ்போக்ஸ் இழுத்து இறுகிய கம்பி. உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தால் இரண்டையும் ஒரே பக்கமாக இருபது தடவை தேய். ஸ்போக்ஸ் குண்டூசிகளைத் தூக்கும். கட்டுக்கம்பி ஒன்றிரண்டைத் தூக்கலாம்; தரையில் நாலு தட்டுத் தட்டினால் அதையும் விட்டுவிடும். அடுத்து ஸ்போக்ஸை இடுக்கியால் பிடித்து, அடுப்பில் முழு நீளமும் சிவக்கக் காய்ச்சி, தானாக ஆறவிடு. தேக்கி வைத்திருந்த காந்தம் போயிருக்கும். மறுபடி தேய்த்தாலும் பழைய பிடிப்பு வராது. இப்போது ஒரு தையல் ஊசியை எடுத்து, சிவக்கக் காய்ச்சி, சட்டென்று தண்ணீரில் முக்கு. கொல்லர்கள் அரிவாளுக்குப் போடும் தோய்ச்சல் அதுதான். ஊசி கண்ணாடி மாதிரி உடையக்கூடியதாகிவிடும், ஆனால் தேய்த்தால் காந்தத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் நெருப்பு கண்ட எஃகுக் கம்பிகள்தான். மெதுவாக ஆறியது ஒன்று, சட்டென்று ஆறியது ஒன்று. காந்த குணம் நேர் எதிர்.

எவர்சில்வர் கம்பியில் இதைவிட வியப்பு இருக்கிறது. குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் உள்ள எஃகைக் காந்தம் இழுக்காது என்று நினைப்போம். அதே எஃகை மெல்லிய ஸ்பிரிங் கம்பியாக இழுத்துவிட்டால் காந்தம் நன்றாக இழுக்கும். இழுவையின் அழுத்தத்தில் அதன் படிக அமைப்பின் ஒரு பங்கு மாறி, காந்தத் தன்மையுள்ள மார்டென்சைட் ஆகிவிடுகிறது. நன்றாகச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் பழைய அமைப்புக்குத் திரும்பும். காந்தம் அதைச் சீந்தாது. கடையில் காந்தத்தை வைத்துப் பார்த்து “இது அசல் எவர்சில்வர் இல்லை” என்று சண்டை போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சரக்கு அசல்தான். அதன் பழைய கதையைத்தான் காந்தம் சொல்கிறது.

பாப்பா, இந்தக் கதை கேட்கும் வேலையை ஒரு முறையாகவே செய்கிறார்கள், அதுவும் நமக்குப் பக்கத்தில். கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், எஃகு எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் பதப்பட்டது என்பதை அதை வெட்டாமலே அறிய, பார்க்ஹவுசன் ஓசையைப் பயன்படுத்தி 1990கள் முதல் ஆய்வு செய்திருக்கிறார்கள். 1919-இல் ஹைன்ரிஷ் பார்க்ஹவுசன் கண்டது அது. காந்தப் புலத்தை மெல்ல மாற்றினால், டொமைன் சுவர்கள் சிக்கிச் சிக்கித் தாவும். ஒவ்வொரு தாவலும் சுற்றி வைத்த கம்பிச் சுருளில் ஒரு சிறு துடிப்பை எழுப்பும். ஒலிபெருக்கியில் கொடுத்தால் பொரி பொரிவது போலக் கேட்கும். அந்த ஓசையின் வடிவத்திலிருந்து உள்ளே படிகம் எப்படி இருக்கிறது, எவ்வளவு காலம் சூட்டில் கிடந்தது என்று ஊகிக்கிறார்கள். அணு உலைகளிலும் மின் நிலையங்களிலும் வருஷக் கணக்கில் சூட்டில் கிடக்கும் குழாய்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது அல்லவா? அங்கே காந்தம் சாட்சியாக நிற்கிறது. உன் இரண்டாவது துண்டும் ஒரு சாட்சிதான். சாட்சியைக் கலைத்துவிட்டு வழக்கு நடத்தக் கூடாது.

காய்ச்சினால் நல்லது என்று பொத்தாம்பொதுவாக யாராவது சொன்னால் நம்பாதே. 1910களில் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் குஸ்தாவ் எல்மென் நிக்கல்-இரும்புக் கலவைகளை வரிசையாகச் சோதித்தார். மெதுவாக ஆறவைத்தால் மென்காந்தம் கிடைக்கும் என்பது அதுவரை இரும்பில் கண்ட வழக்கம். ஏறத்தாழ 78 சதவீதம் நிக்கல் உள்ள கலவையில் அது தலைகீழானது. 600 டிகிரியிலிருந்து விரைவாக ஆறவைத்தால்தான், புலத்துக்கு எளிதில் இணங்கும் அளவான காந்த உட்புகுதிறன் உச்சத்துக்கு ஏறியது. மெதுவாக ஆறவைத்தால், 500 டிகிரிக்குக் கீழே நிக்கல் அணுவும் இரும்பு அணுவும் ஒழுங்காக இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு காரியத்தைக் கெடுக்கின்றன என்பது பிற்பாடுதான் விளங்கியது. அந்தக் கலவைக்குப் பெர்மலாய் என்று பெயர். அதன் நாடாவைச் செம்புக் கம்பியின் மேல் சுற்றி 1924-இல் நியூயார்க்கிலிருந்து அசோர்ஸ் தீவுகளுக்குக் கடலடித் தந்தி போட்டார்கள்; செய்தி போகும் வேகம் பல மடங்கு கூடியது. 1870களின் தொடக்கத்திலேயே சென்னைக் கடற்கரையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கம்பி போயிருந்தது. அந்தக் காலத்துக் கம்பிகளில் எழுத்துக்கள் ஒன்றோடொன்று குழம்பி ஊர்ந்துதான் போகும். அந்தத் தடையை உடைத்தது வெப்பப் பதம் போட்ட ஒரு காந்த நாடா.

இங்கிலாந்தில் வில்லோபி ஸ்மித்தும் ஹென்றி கார்னெட்டும் 1923-இல் அதே வேலைக்காக மியூமெட்டல் என்ற கலவைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அவர்கள் நாடாவுக்குப் பதில் நுண்கம்பி சுற்றினார்கள். ஒரு மைல் கேபிளுக்கு 50 மைல் நுண்கம்பி! மியூமெட்டலை ஹைட்ரஜனில் காய்ச்சினால் அதன் உட்புகுதிறன் ஏறத்தாழ 40 மடங்கு உயரும். காய்ச்சிய பிறகு கீழே போட்டாலோ வளைத்தாலோ அதில் பெரும்பகுதி போய்விடும். திரும்ப உலைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். என் விரல் நிமிர்த்தல் ஏன் ஒரு லாட்டையே கெடுத்தது என்று இப்போது உனக்குப் புரியும்.

இன்னொரு கதை, ஜப்பானில் 1988-இல் ஹிட்டாச்சி மெட்டல்ஸ் ஆய்வாளர்கள் கண்டது. இரும்போடு சிலிக்கான், போரான், கொஞ்சம் நியோபியம், கொஞ்சம் செம்பு சேர்த்து, உருக்கிய கையோடு உறைய வைத்தால் படிகமே இல்லாத நாடா கிடைக்கும். அதை 550 டிகிரியில் ஒரு மணி நேரம் காய்ச்சினால் 10 நானோமீட்டர் அளவில் படிகங்கள் முளைக்கும். மென்காந்தத்துக்குப் படிகம் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அதுவரை இருந்த நம்பிக்கை. இங்கே படிகம் அவ்வளவு சிறிதாக இருப்பதால், ஒன்றன் இழுப்பை இன்னொன்று சமன் செய்து, சுவருக்குத் தடையே இல்லாமல் போகிறது. அதே நாடாவை 100 டிகிரி அதிகமாகக் காய்ச்சிவிட்டால் போரைடுகள் தலைகாட்டும், காந்தம் விறைத்துப் போகும். நெருப்பில் இட்டால் பொன் ஒளிரும் என்று உனக்கு நிறையப் பேர் அறிவுரை சொல்வார்கள். எந்த உலோகம், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எந்தக் காற்றில், எப்படி ஆறவைத்தார்கள் என்று நீ கேட்க வேண்டும். உலைக்கும் இதைக் கேள், உன்னை வாட்டி எடுத்துத்தான் ஆளாக்க முடியும் என்று சொல்கிறவர்களிடமும் கேள்.

இனி உன் கம்பிக்கு வருகிறேன். கோபால்ட் மிகுந்த, படிகமற்ற கம்பி. 125 மைக்ரான், தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிப்பு. சுழலும் தண்ணீருக்குள் உருகிய உலோகத்தைப் பீச்சி, நொடிக்கு லட்சம் டிகிரி என்ற கணக்கில் உறைய வைத்துச் செய்தது. வெளிப்புறம் முதலில் உறைந்து, உள்பக்கம் பிறகு உறைவதால், பிறக்கும்போதே தகைவோடு பிறந்த கம்பி. இதில் உயர் அதிர்வெண் மின்சாரத்தைச் செலுத்தினால், ஒரு சின்னக் காந்தப் புலத்துக்கே அதன் மின்மறுப்பு பெருமளவு மாறுகிறது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் மோரியின் குழுவினர் காட்டிய இந்த விளைவைப் பெருங்காந்த மின்மறுப்பு என்கிறோம். கைபேசித் திசைகாட்டி வரைக்கும் அது வந்துவிட்டது. ஜாம்ஷெட்பூரின் தேசிய உலோகவியல் ஆய்வகத்தில் இப்படிப்பட்ட கம்பிகளைச் செய்து ஆராய்ந்திருக்கிறார்கள். இவ்வளவு உணர்திறனுள்ள பொருளை வைத்துக்கொண்டு, இரண்டு துண்டும் ஒரே மாதிரி நடக்கவில்லையே என்று நீ அழுகிறாய். அப்படி நடந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

நான் உன் ஆய்வகத்துக்கு வந்தால் எதை எதைக் கேட்பேன் என்று சொல்கிறேன்.

இரண்டு துண்டும் ரீலின் எந்த இடத்தில் வெட்டியவை? உள்சுற்றில் இருந்த கம்பி அதிகம் வளைந்து கிடந்திருக்கும். வளைந்த நிலையிலேயே காய்ச்சினால் கம்பி அந்த வளைவில்தான் தகைவு நீங்கி அமைதியாகும். பிறகு அளப்பதற்கு நீ நேராக்கினாய் என்றால், புதிதாகத் தகைவு ஏற்றிவிட்டாய். உலைக்குள் போகும்போதே நேராக இருந்ததா என்று பார்.

இரண்டின் நீளமும் ஒன்றா? கம்பி குட்டையாக ஆக, முனைகளில் எழும் எதிர்ப் புலம் உள்ளே அதிகம் தாக்கும்; கண்ணி சாய்ந்து வரும். ஒரே நீளம் வெட்டு. நசுக்காமல் வெட்டு.

உலையில் இரண்டும் எங்கே இருந்தன? குழாய் உலையின் நடுவில் 350 என்று காட்டினால், வாய்ப் பக்கம் 20, 30 டிகிரி குறைவாக இருக்கலாம். தெர்மோகப்பிளின் நுனி கம்பிக்குப் பக்கத்திலா, சுவருக்குப் பக்கத்திலா? மெல்லிய கம்பி நொடிகளில் சூடேறி நொடிகளில் ஆறும். வெளியே இழுத்த கணத்தில் மேலே மின்விசிறி சுழன்றதா என்பதுகூட அதற்குக் கணக்கு.

உலைக்குச் சுற்றியிருக்கும் சூடேற்றும் சுருளே ஒரு சோலனாய்டு என்பதை மறக்காதே. மின்சாரம் ஓடும்போது உள்ளே காந்தப் புலம் இருக்கும். காந்தப் புலத்தில் ஆறும் கம்பி அந்தப் புலத்தின் திசையைத் தன் வசதியான திசையாக வைத்துக்கொள்ளும். ஒரு துண்டை ஹீட்டர் ஓடும்போதும் இன்னொன்றை நிறுத்திய பிறகும் ஆறவைத்திருந்தால், இரண்டும் வெவ்வேறு பதம் பெற்றவை.

கடைசியாக, அளக்கும் மேசை எந்தத் திசையில் கிடக்கிறது? இதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் ஊரில் பூமியின் காந்தப் புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிப் போவதால், இங்கே அந்தப் புலம் கிட்டத்தட்டப் படுத்த நிலையில், தெற்கு வடக்காக ஓடுகிறது. மீட்டருக்கு 32 ஆம்பியர் என்று கணக்குப் போட்டுக்கொள். நன்றாகப் பதம் பெற்ற உன் கம்பியின் காந்த நீக்குத்திறன் மீட்டருக்குச் சில ஆம்பியர்தான். ஒரு துண்டைத் தெற்கு வடக்காகவும் மற்றதைக் கிழக்கு மேற்காகவும் வைத்து அளந்திருந்தால், பூமியையும் சேர்த்து அளந்திருக்கிறாய். கம்பியைக் கிழக்கு மேற்காக வை. பக்கத்தில் இரும்பு பீரோ, லிஃப்ட், மோட்டார் எதுவும் வேண்டாம். டிராமுக்கு மின்சாரம் வரவிருந்ததால் பம்பாயின் கொலாபா காந்த ஆய்வகத்தை 1904-இல் அலிபாகுக்கு மாற்றினார்கள் என்பது உனக்குப் பாடமாக இருக்கட்டும். தாம்பரம் பக்கம் மின்சார ரயில் 1931-இலிருந்து ஓடுகிறது. தண்டவாளத்தை ஒட்டிய கட்டடமாக இருந்தால் ராத்திரி ரயில் ஓய்ந்த பிறகு ஒரு தடவை அளந்து பார்.

இவற்றில் ஒன்றோ இரண்டோ காரணமாக இருக்கலாம். எதுவுமே இல்லாமலும் போகலாம். அப்போது உன் கையில் இருப்பது உண்மையிலேயே புதிய ஒன்று. ஆனால் அதைச் சொல்லும் தகுதி எப்போது வரும்? ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, ஒவ்வொன்றையும் எழுதிய பிறகு.

அதனால் நோட்டு வை, பாப்பா. கம்ப்யூட்டரில் போடுவது இருக்கட்டும், கையெழுத்தில் ஒரு லாங் சைஸ் நோட்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண். ரீலின் எந்த முனை, எத்தனை மில்லிமீட்டர், காய்ச்சும் முன்னால் அதன் கண்ணி எப்படி இருந்தது, உலைக்குள் போன மணி, வந்த மணி, யார் எடுத்தார்கள், கை தவறியதா, அன்று மழையா, கரண்ட் போய் வந்ததா. காய்ச்சும் முன்னால் அளந்ததை விட்டுவிடாதே. அது இல்லாமல் உலை என்ன செய்தது என்று எப்படிச் சொல்வாய்? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ஒவ்வொரு நிலைக்கும் ஐந்து துண்டாவது எடு. ஐந்தில் நான்கு ஒரு மாதிரியும் ஒன்று வேறு மாதிரியும் வந்தால், அந்த ஒன்றுக்கு நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கு.

உங்கள் ஆய்வகத்தில் உலையை இயக்குகிற அண்ணன் ஒருவர் இருப்பார். அவரிடம் மரியாதையாகப் போய் நின்று, இந்த உலைக்கு என்ன குணம் என்று கேள். எந்த மூலை சூடு குறைவு, எந்த நேரத்தில் வோல்டேஜ் இறங்குகிறது என்பது புத்தகத்தில் இல்லை, அவர் மனதில் இருக்கிறது. எனக்கு உலை சொல்லிக் கொடுத்தவர் பத்தாவது கூடப் படிக்காதவர். காய்ந்த உலோகத்தின் நிறத்தைப் பார்த்தே சூட்டைக் கணித்துச் சொல்வார். பைரோமீட்டரில் பார்த்தால் அதை ஒட்டித்தான் இருக்கும். எனக்கு நோட்டுப் பழக்கம் வந்ததும் அவரால்தான். தனக்கு எழுத வராது என்பதால் என்னை எழுத வைத்தார்.

உன் கைடிடம் பயப்படாமல் போ. இரண்டு கண்ணிகளையும் ஒரே தாளில் வரைந்து கொண்டுபோய் வை. “சார், இரண்டு துண்டு வேறுபடுகிறது. நீளம், உலையில் இருந்த இடம், அளந்த திசை மூன்றையும் சரிபார்த்துவிட்டேன். ஆறவைத்த விதத்தை இன்னும் பார்க்கவில்லை” என்று சொல். ஒல்லியான கண்ணி ஒன்றை மட்டும் காட்டினால் அவர் ஒரு நாள் சந்தோஷப்படுவார். அடுத்த வருஷம் இன்னொரு மாணவி உன் ரிப்போர்ட்டைப் பார்த்து அதே கம்பியைக் காய்ச்சி, அதே கண்ணி வராமல், தன் கை சரியில்லை என்று ராத்திரி அழுவாள். அவள் முகம் உனக்குத் தெரியாது. ஆனாலும் அவளுக்கு நீ கடன்பட்டிருக்கிறாய்.

படிப்பை முடித்த பிறகு வேலை எங்கே கிடைக்கும் என்று உன் அப்பா கவலைப்படுவது எனக்குத் தெரியும். தரமணியில் ஐ.ஐ.டி. ரிசர்ச் பார்க்கிலேயே ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு நிறுவனத்தின் வாகன ஆற்றல் பொருள் மையம் மின்வாகன மோட்டாருக்கான காந்தங்களில் வேலை செய்கிறது. ஓரகடத்துத் தொழிற்சாலைகளில் மோட்டாரும் சென்சாரும் இல்லாத வண்டி வெளியே வருவதில்லை. அத்தனைக்குள்ளும் யாரோ ஒருவர் பதம் போட்ட உலோகம் இருக்கிறது. எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு இந்த வட்டாரத்தில் வேலை இருக்கும்.

அந்தப் பழைய நோட்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. மூலையில் ஹைட்ரஜன் உலையின் சூடு பட்டுப் பழுப்பேறிய அட்டை. தட்டு சாய்ந்த பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு ரீட் நாக்கை செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறேன், நான் விரலால் நிமிர்த்தியவற்றில் ஒன்று. அடுத்த ஞாயிறு வா. அந்தப் பக்கத்தை நீயே படி. வரும்போது உன் இரண்டு துண்டையும் தனித்தனி உறையில், எண் எழுதிக் கொண்டுவா. கையால் நிமிர்த்தாதே.

அன்புடன்,
மாமா

பி.கு.: மழைக்காலம். பள்ளிக்கரணைப் பக்கத்திலிருந்து வரும் ஈரக் காற்றில் இரும்பு கலந்த எதுவும் சீக்கிரம் துருப்பிடிக்கும். உறைகளை ஒரு டப்பாவில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடி வை. அத்தை உனக்காக அதிரச மாவு பிசைந்து வைத்திருக்கிறாள்.